வண்டித் திரை காட்டும் மைலேஜ் சரிதானா? டிரிப் கம்ப்யூட்டரைப் படிக்கும் முறையும் எரிபொருள் கணக்கும்

உரத்துக்கும் விதைக்கும் கூலிக்கும் கணக்கு எழுதும் விவசாயிகளில் பலர் வண்டிக்குப் போடும் டீசலுக்குக் கணக்கு எழுதுவதில்லை. சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்அப், குடும்பத்துக்கான கார், தோட்டத்துக்குப் போய்வரும் இரு சக்கர வாகனம் என்று இன்று பல வீடுகளில் இரண்டு மூன்று வண்டிகள் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் வந்த கார்களிலும் பிக்அப்களிலும் பெரும்பாலானவற்றில் சராசரி மைலேஜ், மீதமுள்ள எரிபொருளில் ஓடக்கூடிய தூரம் போன்றவற்றைக் காட்டும் சிறிய திரை உள்ளது. இதற்கு டிரிப் கம்ப்யூட்டர் என்று பெயர். இந்தத் திரையைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பணம் மிச்சமாகும். தவறாகப் படித்தால் பணத்தோடு நல்ல மனிதர்களையும் இழக்க நேரிடும்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுசெல்லும் ஒரு விவசாயி ஒருமுறை என்னிடம் வந்தார். அவருடைய பிக்அப்பின் திரை லிட்டருக்கு 13.5 கி.மீ. என்று காட்டியது. மூன்று முறை டேங்க் நிரப்பியதில் வண்டி ஓடிய தூரம் 1,235 கி.மீ. திரையின் கணக்குப்படி 91.5 லிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். பங்க் ரசீதுகளைக் கூட்டினால் 99 லிட்டர் வந்தது. "ஏழரை லிட்டர் எங்கே சார் போச்சு?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக அவரிடம் வேலை பார்த்த ஓட்டுநரை நிறுத்திவிடும் முடிவோடுதான் வந்திருந்தார். அந்த ஏழரை லிட்டர் எங்கே போனது என்பதைக் கட்டுரையின் நடுவில் பார்ப்போம். அதற்கு முன் திரை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரையில் என்னென்ன தெரியும்?

வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும். ஆனாலும் கீழ்க்கண்டவை பெரும்பாலான வண்டிகளில் இருக்கும்.

ஓடோமீட்டர்: வண்டி வாங்கியதிலிருந்து ஓடிய மொத்தத் தூரம். இதை நாம் பூஜ்ஜியமாக்க முடியாது.

டிரிப் ஏ, டிரிப் பி: நாம் பூஜ்ஜியமாக்கிய இடத்திலிருந்து ஓடிய தூரம். ஒன்றைப் பூஜ்ஜியமாக்கினால் மற்றொன்று பாதிக்கப்படாது.

சராசரி மைலேஜ்: கடைசியாகப் பூஜ்ஜியமாக்கியதிலிருந்து இதுவரை லிட்டருக்கு எத்தனை கி.மீ. கிடைத்தது என்பது. சில வண்டிகளில் டேங்க் நிரப்பியதும் இது தானாகவே பூஜ்ஜியமாகும். எனவே உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள்.

உடனடி மைலேஜ்: இந்த நொடியில் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பது. மேடு ஏறும்போது 5-க்கும் இறங்கும், சமதளத்தில் 20-க்கும் மேலே போகும். இதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டும் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள மட்டும் பயன்படுத்தலாம்.

மீதித் தூரம்: டேங்கில் உள்ள எரிபொருளில் இன்னும் எத்தனை கி.மீ. ஓடலாம் என்ற மதிப்பீடு.

பொதுவாக மீட்டர் அருகே உள்ள பொத்தானையோ, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானையோ ஒருமுறை அழுத்தினால் அடுத்த தகவல் வரும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அந்தத் தகவல் பூஜ்ஜியமாகும். வண்டி நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். டிரிப் ஏ-வை ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும், டிரிப் பி-யை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பூஜ்ஜியமாக்குவது விவசாயிகளுக்கு வசதியான பழக்கம். பருவ முடிவில் அந்தப் பயிருக்காக வண்டி எத்தனை கி.மீ. ஓடியது என்பது டிரிப் பி-யில் தெரிந்துவிடும். சில வண்டிகளில் குறிப்பிட்ட அளவு ஓடியதும் டிரிப் மீட்டர் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதனால் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்வது நல்லது.

திரை எப்படிக் கணக்குப் போடுகிறது?

பலர் நினைப்பதுபோல, டேங்கிலிருந்து எவ்வளவு டீசல் குறைந்தது என்று அளந்து திரை மைலேஜைச் சொல்வதில்லை. இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எவ்வளவு எரிபொருள் போகும்படி கட்டளை தரப்பட்டது என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வருகிறது. சக்கரம் சுழலும் வேகத்தைக் காட்டும் சென்சாரிலிருந்து தூரத்தை எடுத்துக்கொள்கிறது. தூரத்தை எரிபொருளால் வகுத்துத் திரையில் காட்டுகிறது.

இது ஒரு மதிப்பீடு. இன்ஜெக்டர் தேய்ந்திருந்தாலும், கம்பெனியில் போட்ட அளவுக்குப் பதில் வேறு அளவு டயர் மாட்டியிருந்தாலும் விடை மாறும். புதிய வண்டியிலேயே திரை சில சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டலாம். கூட்டிக் காட்டும் வண்டிகளே அதிகம். இதை வண்டியின் கோளாறு என்று சொல்ல முடியாது. ஒரே வண்டியில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே அந்த வித்தியாசம் எவ்வளவு என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு திரையையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

உண்மையான மைலேஜைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். திரையே இல்லாத பழைய வண்டிக்கும், மொபெட்டுக்கும் இதே முறைதான்.

1. பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வாய்வரை ஊற்றக் கூடாது.

2. ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரிப் ஏ-வையும் சராசரி மைலேஜையும் பூஜ்ஜியமாக்குங்கள்.

3. வழக்கம்போல் ஓட்டுங்கள். டேங்க் கால் பங்குக்கு வரும்வரை இடையில் எரிபொருள் போடாமல் இருப்பது நல்லது. போட நேர்ந்தால் அந்த லிட்டரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

4. முடிந்தால் அதே பங்க்கில், அதே குழாயில், அதேபோல் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். இப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் நீங்கள் செலவழித்த எரிபொருள்.

5. ஓடிய கி.மீ.-ஐ லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். திரை காட்டும் சராசரியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒருமுறை செய்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. குழாய் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அரை லிட்டர் வித்தியாசம் எளிதாக வரும். 8 லிட்டர் நிரப்பும்போது அரை லிட்டர் என்றால் 6 சதவீதப் பிழை. 33 லிட்டர் நிரப்பும்போது அதே அரை லிட்டர் ஒன்றரை சதவீதம்தான். எனவே தொடர்ந்து மூன்று டேங்க் கணக்கை எடுத்து மொத்தமாகக் கூட்டி வகுக்க வேண்டும்.

மேலே சொன்ன விவசாயியின் நோட்டில் இருந்த கணக்கு இது:

முதல் டேங்க்: 412 கி.மீ., 33.0 லிட்டர்.
இரண்டாம் டேங்க்: 385 கி.மீ., 31.4 லிட்டர்.
மூன்றாம் டேங்க்: 438 கி.மீ., 34.6 லிட்டர்.
மொத்தம்: 1,235 கி.மீ., 99.0 லிட்டர்.
உண்மையான மைலேஜ்: லிட்டருக்குச் சுமார் 12.5 கி.மீ.
திரை காட்டியது: 13.5 கி.மீ.

12.47-ஐ 13.5-ஆல் வகுத்தால் சுமார் 0.92. இதுதான் இந்த வண்டியின் திருத்த எண். இனி திரை 14 என்று காட்டினால் 14-ஐ 0.92-ஆல் பெருக்கி 12.9 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியின் திருத்த எண்ணைக் கண்டுபிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தூரம் சரியா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கிலோமீட்டர் கற்களே போதும். ஒரு கல்லின் அருகே டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி 20 கற்களைக் கடந்தபின் பாருங்கள். 20.0-க்கு மிக அருகில் இருக்க வேண்டும். அளவு மாறிய டயர் போட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

அந்த ஏழரை லிட்டர் எங்கே போனது?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரைக்கும் பங்க் ரசீதுக்கும் இடையே வித்தியாசம் வந்தால் காரணம் மூன்றில் ஒன்று. திரை கூட்டிக் காட்டலாம். பங்க்கில் அளவு குறையலாம். அல்லது டேங்கிலிருந்து எரிபொருள் வெளியேறலாம், அது கசிவாகவும் இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். மூன்றும் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். எனவே நோட்டை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பிரித்தறிய வழி இருக்கிறது. அந்த விவசாயியிடம், "மூன்று நாள் வண்டியை நீங்களே ஓட்டுங்கள். டேங்கை நீங்களே நிரப்புங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்" என்றேன். அவரும் 360 கி.மீ. ஓட்டினார். பங்க்கில் 28.6 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 12.6 கி.மீ. திரை 13.6 என்று காட்டியது. ஓட்டுநர் ஓட்டியபோது இருந்த அதே ஒரு கி.மீ. வித்தியாசம், அவரே ஓட்டியபோதும் இருந்தது. வேறொரு பங்க்கில் நிரப்பிப் பார்த்தபோதும் அப்படியே. ஏழரை லிட்டர் எங்கும் போகவில்லை. திரை சொன்ன கணக்குதான் அந்த அளவுக்குத் தவறு. ஓட்டுநர் இன்றும் அதே வண்டியை ஓட்டுகிறார். தம்மீது சந்தேகம் வந்தது அவருக்குத் தெரியாது.

இதற்கு மாறாக, நீங்கள் ஓட்டும்போது வித்தியாசம் சிறிதாகவும், மற்ற நாட்களில் பெரிதாகவும் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம். அப்போதும் முதலில் டேங்க், குழாய் இணைப்புகளில் கசிவு உள்ளதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு பங்க்கில் மட்டும் வித்தியாசம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டும்படி அங்கேயே கேட்கலாம். இது வாடிக்கையாளரின் உரிமை. நிரப்பத் தொடங்கும் முன் மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும், ரசீது வாங்குவதும் எப்போதும் வேண்டும்.

மீதித் தூரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

மீதித் தூரம் என்பது டேங்கில் உள்ள எரிபொருளை, அண்மையில் கிடைத்த மைலேஜால் பெருக்கி வரும் எண். நேற்று எப்படி ஓடியதோ நாளையும் அப்படியே ஓடும் என்று எடுத்துக்கொள்கிறது. விவசாயியின் வண்டி அப்படி ஓடுவதில்லை. போகும்போது பாரம், வரும்போது காலி.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாரத்துடன் லிட்டருக்கு 10 கி.மீ., காலியாக 16 கி.மீ. கிடைக்கும் வண்டி. மாலையில் சந்தையிலிருந்து காலியாகத் திரும்பியிருக்கிறது. டேங்கில் 5 லிட்டர் இருக்கிறது. திரை 80 கி.மீ. ஓடலாம் என்று காட்டும். சந்தை 40 கி.மீ. தொலைவில் இருப்பதால் போய்வரச் சரியாக இருக்கும் என்று தோன்றும். மறுநாள் அதிகாலை பாரத்துடன் போகும்போதே 4 லிட்டர் தீர்ந்துவிடும். மீதி 1 லிட்டரில் திரும்பும் வழியில் 16 கி.மீ. வரலாம். வீட்டுக்கு 24 கி.மீ. இருக்கும்போது வண்டி நின்றுவிடும்.

டீசல் வண்டியை டேங்க் காலியாகி நிற்கும்வரை ஓட்டுவது கூடாது. எரிபொருள் குழாயில் காற்று புகுந்துவிட்டால், டீசல் ஊற்றியபிறகும் காற்றை வெளியேற்றினால்தான் வண்டி கிளம்பும். இன்றைய காமன்ரெயில் இன்ஜின்களில் உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு. டீசல் இல்லாமல் ஓடினால் பம்ப் பழுதாகும், செலவும் பெரிது. பெட்ரோல் வண்டிகளிலும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது. எனவே கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் பாரப் பயணத்துக்கு முன் நிரப்பிவிடுவது பாதுகாப்பானது.

போக்குவரத்தின் சராசரியில் வரும் தவறு

பாரத்துடன் 10, காலியாக 16 என்றால் சராசரி 13 என்று பலர் சொல்வார்கள். இது தவறு. 40 கி.மீ. போக 4 லிட்டர், 40 கி.மீ. திரும்ப 2.5 லிட்டர், மொத்தம் 6.5 லிட்டர். 80-ஐ 6.5-ஆல் வகுத்தால் 12.3 தான் வரும். எப்போதும் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். மைலேஜ் எண்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது.

சில வண்டிகளின் திரையில் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதற்குப் பதிலாக 100 கி.மீ.-க்கு எத்தனை லிட்டர் என்று காட்டும்படி மாற்றலாம். மாற்றிய பிறகு 8.0 என்று பார்த்துப் பயந்துவிட வேண்டாம். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பழைய கணக்கு வரும்.

100 கி.மீ.-க்கு 10 லிட்டர் = லிட்டருக்கு 10 கி.மீ.
100 கி.மீ.-க்கு 8 லிட்டர் = லிட்டருக்கு 12.5 கி.மீ.
100 கி.மீ.-க்கு 5 லிட்டர் = லிட்டருக்கு 20 கி.மீ.
100 கி.மீ.-க்கு 4 லிட்டர் = லிட்டருக்கு 25 கி.மீ.

இந்த அளவில் எண் குறையக் குறைய லாபம். எந்த வண்டியைக் கவனித்தால் பணம் மிச்சமாகும் என்பதும் இதில் தெளிவாகத் தெரியும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் பிக்அப்பின் மைலேஜை 10-லிருந்து 12-க்கு உயர்த்தினால் சுமார் 17 லிட்டர் மிச்சம். அதே தூரம் ஓடும் காரின் மைலேஜை 20-லிருந்து 22-க்கு உயர்த்தினால் 4.5 லிட்டர்தான் மிச்சம். இரண்டிலும் 2 கி.மீ. தான் கூடியது. ஆனால் அதிகம் குடிக்கும் வண்டியில் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே டயர் காற்று, சர்வீஸ் ஆகியவற்றில் முதல் கவனம் பார வண்டிக்குத்தான் தேவை.

விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் ஏன் கிடைப்பதில்லை?

கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய்யல்ல. ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனங்கள் தரும் அளவு அது. ஆனால் அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. சோதனைக் கூடத்தில் உருளைகள்மீது வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த ஒரே வேக அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுகிறார்கள். கார்களுக்கான இந்திய அட்டவணையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. தான். ஏசி போடுவதில்லை. எதிர்க்காற்று இல்லை, மண் பாதை இல்லை, வேகத்தடை இல்லை, கூரைமேல் மூட்டை இல்லை. ஆகவே நம் சாலையில் அதைவிடக் குறைவாகக் கிடைப்பது இயல்பு. அந்த எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வண்டிக் கடன் தவணைக்கும் வாடகைக்கும் கணக்குப் போடும்போது, அதே வண்டியை அதே வேலைக்கு வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரரின் நோட்டைக் கேளுங்கள்.

மைலேஜ் திடீரெனக் குறைந்தால் எங்கே பார்ப்பது?

திரையின் மிகப் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. எண் சரியாக இல்லாவிட்டாலும், வழக்கத்தைவிட எண் இறங்கினால் வண்டியில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். பயிரின் இலை நிறம் மாறியதும் வேரைப் பார்ப்பதுபோல, கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

டயர் காற்று: ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் பாரத்துக்கு ஓர் அளவு, காலிக்கு ஓர் அளவு என்று போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். காற்று குறைந்தால் மைலேஜ் குறைவதோடு டயரும் ஓரங்களில் தேயும், பாரத்துடன் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஏர் ஃபில்டர்: செம்மண் பாதையிலும் அறுவடைக் காலத்திலும் தூசி சீக்கிரம் சேரும். கையேட்டில் சொன்ன கி.மீ.-க்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பிரேக் பிடித்தபடி ஓடுதல்: சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் அதிகச் சூடு அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று பொருள். தொட்டுப் பார்க்காமல், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

நின்றபடி இன்ஜின் ஓடுதல்: சந்தை வாசலில் வரிசையில் நிற்கும்போது இன்ஜின் ஓடினால் கி.மீ. ஏறாது, எரிபொருள் மட்டும் போகும். இன்ஜின் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை போகலாம். ஒரு நிமிடத்துக்குமேல் நிற்பதாக இருந்தால் நிறுத்திவிடலாம்.

புகை வடிகட்டி சுத்தமாதல்: 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலை எடுத்துக்கொள்ளும். அப்போது சராசரி சற்று இறங்கும், அது கோளாறு அல்ல. தினமும் 3, 4 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் இந்த எரிப்பு முழுமையடையாமல் எச்சரிக்கை விளக்கு எரியும். கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் ஓட்டினால் சரியாகும். விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் செலவு பெரிதாகும்.

இறக்கத்தில் நியூட்ரல்: இது டீசலை மிச்சப்படுத்தும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பீய்ச்சுவது நின்றுவிடும். உடனடி மைலேஜ் திரையில் உச்ச அளவைக் காட்டுவது இதனால்தான். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நிற்காமல் இருக்க எரிபொருள் எரிந்துகொண்டிருக்கும். கூடவே இன்ஜினின் பிடிமானமும் போய்விடும். மலைப்பாதையில் பாரத்துடன் நியூட்ரலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

எத்தனால் கலந்த பெட்ரோல்: பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையில், 20 சதவீதக் கலப்பால் எத்தனால் கலப்பை மனதில் கொள்ளாமல் வடிவமைத்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம், அப்படிப்பட்ட இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், 20 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுவோருக்கு எத்தனாலால் சந்தை கிடைக்கிறது என்பது ஒரு பக்கம். பழைய வண்டியில் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் போடவேண்டி வரும் என்பது மறுபக்கம். டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

மைலேஜை ரூபாயாக மாற்றுங்கள்

மைலேஜ் எண்ணைத் தெரிந்துகொள்வதோடு நின்றுவிடக் கூடாது. எரிபொருள் விலையை மைலேஜால் வகுத்தால் ஒரு கி.மீ.-க்கு ஆகும் செலவு வரும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12.5 கி.மீ. மைலேஜ் என்றால் கி.மீ.-க்கு ரூ.7.44. போக வர 80 கி.மீ.-க்குச் சுமார் ரூ.595.

60 பெட்டி தக்காளி ஏற்றினால் பெட்டிக்குச் சுமார் 10 ரூபாய். 40 பெட்டி மட்டும் ஏற்றினால் சுமார் 15 ரூபாய். காலிப் பயணத்தில் டீசல் சிறிது குறையலாம், ஆனால் பெட்டிக்கு விழும் செலவு கூடும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் கிடைக்கும் மிச்சம், ஓட்டும் முறையைத் திருத்திக் கிடைக்கும் மிச்சத்தைவிடப் பெரிது. ஆனால் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள எடை அளவை மீறி ஏற்றக் கூடாது.

இது எரிபொருள் செலவு மட்டுமே. சொந்த வண்டியா, வாடகை வண்டியா என்று முடிவு செய்யும்போது டயர், சர்வீஸ், காப்பீடு, தவணை, ஓட்டுநர் சம்பளம் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிராக்டருக்கு எப்படி?

டிராக்டரில் கி.மீ. கணக்கு பயன்படாது. மணிக்கணக்கும் ஏக்கர் கணக்கும்தான் வேண்டும். முறை அதேதான். வேலைக்கு முன் சமமான இடத்தில் நிறுத்தி டேங்கை நிரப்புங்கள். மணி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். உழவு முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி மீண்டும் நிரப்புங்கள். 4 ஏக்கருக்கு 22 லிட்டர் பிடித்தால் ஏக்கருக்கு 5.5 லிட்டர்.

பழைய டிராக்டர்களில் உள்ள மணி மீட்டர் இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து ஓடும். மெதுவாக ஓட்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனாலும் மீட்டரில் ஒரு மணி நேரம் ஏறாது. ஆகவே வாடகைக்குக் கைக்கடிகாரத்தையும், ஆயில் மாற்ற மீட்டரையும் பார்ப்பது சரி. டிரெய்லர் இழுப்பது, விதைப்பது போன்ற இலகுவான வேலைகளுக்கு ஒரு கியர் கூட்டி, கைத் திராட்டிலைக் குறைத்து ஓட்டினால் டீசல் மிச்சமாகும். இன்ஜின் திணறிக் கரும்புகை விட்டால் கியரைக் குறைத்துவிட வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டியவை

தேதி, ஓடோமீட்டர் எண், நிரப்பிய லிட்டர், கொடுத்த தொகை, பங்க், திரை காட்டிய சராசரி, பாரமா காலியா, ஓட்டியவர். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். நோட்டை வண்டியிலேயே வையுங்கள். ஓட்டுநரையே எழுதச் சொல்லுங்கள். கணக்கு இருவருக்கும் தெரிந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. மைலேஜ் இறங்கும்போது அவரே முதலில் சொல்வார். அடுத்த முறை டேங்க் நிரப்பும்போதே தொடங்குங்கள். மூன்றாவது டேங்கில் உங்கள் வண்டியின் திருத்த எண் கையில் இருக்கும்.